இரவு ரயிலில் நன்றாகத் தூங்கி இறங்க: டிக்கெட் முதல் காலை வரை முழுமையான வழிகாட்டி

படுக்கை வசதி உள்ள ரயிலில் ஓர் இரவைக் கழித்துவிட்டு, காலையில் கண் எரிச்சலோடு இறங்கி, "ரயிலில் எங்கே தூங்க முடிகிறது" என்று அலுத்துக்கொள்பவர்கள் நிறையப் பேர். அதே பெட்டியில் இன்னொருவர் அடித்துப் போட்ட மாதிரி தூங்கி எழுந்து, தலை சீவிக்கொண்டு நிதானமாக இறங்கிப் போவார். இருவருக்கும் ஆட்டம் ஒன்றுதான், சத்தமும் ஒன்றுதான். எந்த நேரத்து ரயில், எந்த பெர்த், பையை எப்படி அடுக்கினோம், ஏறியதும் முதல் அரை மணி நேரத்தில் என்ன செய்தோம் என்பதிலேயே பாதி இரவு தீர்மானமாகிவிடுகிறது. படுத்த பிறகு நாம் செய்யக்கூடியது கொஞ்சம்தான்.

அதனால் இதில் தூக்கத்தைப் பற்றிய பகுதி சிறியது. அதற்கு முந்தைய வேலைகளைப் பற்றிய பகுதி பெரியது. எந்த நாட்டு ரயிலுக்கும் பொருந்தும்படி எழுதியிருக்கிறேன். நாட்டுக்கு நாடு மாறும் இடங்களில் மட்டும் உதாரணங்கள் வரும்.

நேரம் பார்த்து ரயிலைத் தேர்ந்தெடுங்கள்

பயண நேரத்திலிருந்து இரண்டு மணி நேரத்தைக் கழித்துவிடுங்கள். ஏறி, பை வைத்து, டிக்கெட் காட்டி, படுக்கை விரித்துப் படுக்க ஒரு மணி நேரம். காலையில் எழுந்து, முகம் கழுவி, பையைக் கட்டி இறங்கத் தயாராக இன்னொரு மணி நேரம். மிச்சம் இருப்பதுதான் தூக்கம். ஆறு மணி நேரத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கும் ரயிலில் நான்கு மணி நேரம்கூட முழுதாகத் தேறாது. அதைவிடப் பத்து மணி நேரம் எடுக்கும் ரயில் எவ்வளவோ மேல்.

பகல் பயணத்தில் வேகம் வரம். இரவு ரயிலில் அது பல சமயம் தொல்லை. லண்டனிலிருந்து எடின்பரோவுக்குப் பகல் ரயில் சுமார் நாலரை மணி நேரத்தில் போய்விடுகிறது. காலிடோனியன் ஸ்லீப்பர் என்ற இரவு ரயில் அதே தூரத்தை நள்ளிரவை ஒட்டிக் கிளம்பி, காலை ஏழரை வாக்கில்தான் முடிக்கிறது. விடியற்காலை நாலு மணிக்கு யாரையும் பிளாட்பாரத்தில் இறக்கிவிடக் கூடாது என்பதற்காகவே இப்படி நேரம் அமைக்கிறார்கள். நடு இரவில் ரயில் ஏதோ ஓரிடத்தில் வெகுநேரம் நின்றால் பதற வேண்டாம் என்று சொல்வதும் இதனால்தான். பெரும்பாலும் அது அட்டவணையிலேயே இருக்கும் நிறுத்தம்.

இரவு எட்டிலிருந்து பத்துக்குள் கிளம்பி, காலை ஏழிலிருந்து ஒன்பதுக்குள் சேரும் ரயில் கிடைத்தால் வேறு யோசிக்காதீர்கள். அந்த ரயில் உங்கள் ஊரிலேயே புறப்படுவதாக இருந்தால் இன்னும் நல்லது. முன்கூட்டியே பிளாட்பாரத்துக்கு வந்து நிற்கும், அவசரமில்லாமல் ஏறலாம். வழியில் ஏறுவதென்றால், அந்த நிலையத்தில் ரயில் எத்தனை நிமிடம் நிற்கிறது என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். நள்ளிரவில் இரண்டு நிமிட நிறுத்தம், மூன்று பெரிய பெட்டிகள், கூடவே ஒரு குழந்தை என்றால் வேறு நிலையத்தில் ஏறுவதே புத்திசாலித்தனம்.

எந்த வகைப் பெட்டி?

பெயர்கள் நாட்டுக்கு நாடு வேறு. ஆனால் சாரத்தில் மூன்றே வகை. முதலாவது திறந்த பெட்டி: கதவு கிடையாது, நீளமான நடைபாதை, அதை ஒட்டி அடுக்கடுக்காக பெர்த்துகள். இந்தியாவின் ஸ்லீப்பர் வகுப்பு, ரஷ்யாவின் பிளாட்ஸ்கார்ட், சீனாவின் ஹார்டு ஸ்லீப்பர் எல்லாம் இந்த ரகம். இரண்டாவது, கதவு உள்ள அறையில் நான்கு அல்லது ஆறு பேர்: ரஷ்யாவின் கூபே, ஐரோப்பாவின் கூஷெட், சீனாவிலும் வியட்நாமிலும் சாஃப்ட் ஸ்லீப்பர். மூன்றாவது, ஒருவர் அல்லது இருவருக்கான தனி அறை. சிலவற்றில் குளியலறைகூட இருக்கும்.

தனியாகப் போகிறவர்களுக்குக் கதவு உள்ள அறைதான் பாதுகாப்பு என்று தோன்றும். அப்படி அடித்துச் சொல்லிவிட முடியாது. ஐம்பது பேர் நடமாடும் திறந்த பெட்டியில் சத்தமும் வெளிச்சமும் அதிகம்தான்; ஆனால் நாலு பேர் கண்ணில் படாமல் எதுவும் நடக்காது. முன்பின் தெரியாத மூன்று பேரோடு பூட்டிய அறையில் படுப்பது சிலருக்கு அதைவிடச் சங்கடம். பெண்களுக்கு மட்டுமான அறைகள் பல ரயில்களில் உண்டு. டிக்கெட் எடுக்கும்போதே கேட்டால்தான் கிடைக்கும். ஆஸ்திரியாவின் நைட்ஜெட் என்ற இரவு ரயில் சேவை 2023 டிசம்பரில் ஓடவிட்ட புது ரயில்களில் ஒருவர் மட்டும் படுக்கும் சிறு கூண்டறைகளை வைத்திருக்கிறார்கள். உள்ளேயிருந்து மூடிக்கொள்ளலாம், பையைத் தனி லாக்கரில் பூட்டலாம். தனியாகப் போகிறவர்களின் சங்கடத்தைப் புரிந்துகொண்டு செய்த வேலை. ஆனால் உடம்பு கொஞ்சம் பெருத்தவர்களுக்கும், மூடிய இடமென்றால் மூச்சு முட்டுபவர்களுக்கும் அது ஒத்துவராது.

இருக்கை மட்டும் எடுத்து உட்கார்ந்தபடியே இரவைக் கழிக்கலாம் என்ற யோசனை சிலருக்கு வரும். இருபது வயதில் சரி. அதற்குமேல் மறுநாள் ஏதாவது வேலை இருந்தால் வேண்டாம். பெர்த்துக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணத்தை, அந்த ஓர் இரவுக்கு விடுதிக்குக் கொடுக்க வேண்டியதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பெரும்பாலும் லாபம் உங்கள் பக்கம்தான்.

எந்த பெர்த்? இதில் நேரம் செலவழியுங்கள்

ரயில் பெட்டியின் சக்கரத் தொகுதிகள் இரண்டு முனைகளுக்கும் அருகில் இருக்கின்றன. தண்டவாளத்தின் ஒவ்வொரு இணைப்பும் வளைவும் அங்கேதான் முதலில் அடிக்கும். கதவும் கழிப்பறையும் பெரும்பாலும் அந்த முனைகளில்தான். எனவே பெட்டியின் நடுப்பகுதியில் அதிர்வு குறைவு, கதவு படார் படாரென்று அடிக்கும் சத்தம் குறைவு, கழிப்பறைக்குப் போகிற வருகிற கூட்டமும் குறைவு. பெர்த் எண்களின் வரைபடம் இணையத்தில் எளிதாகக் கிடைக்கும். எடுக்கும் முன் ஒரு நிமிடம் அதைப் பாருங்கள். நடுப்பகுதி எண் கிடைத்தால், கீழா மேலா என்பதைவிட அதுவே பெரிய வெற்றி.

அடுத்தது உயரம். கீழ் பெர்த்தில் ஆட்டம் குறைவு, ஏணி ஏற வேண்டாம், பை கண்ணெதிரே இருக்கும், ஜன்னல் உண்டு. குறை என்னவென்றால், படுக்கும் நேரம் வரும்வரை அது எல்லோருக்கும் பொதுவான இருக்கை. மேலே இருப்பவர் பதினொரு மணிவரை பேசிக்கொண்டிருந்தால் உங்கள் காலடியில் உட்கார்ந்துதான் பேசுவார். இந்தியாவில் நடு பெர்த்தை இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரைதான் விரித்து வைக்கலாம் என்ற விதியே இந்தத் தகராறுக்காக வந்ததுதான்.

மேல் பெர்த் உங்களுக்கே உங்களுக்கு. எப்போது வேண்டுமானாலும் ஏறிப் படுக்கலாம், யாரும் எழுப்ப மாட்டார்கள். ஆனால் பெட்டி பக்கவாட்டில் சாயும்போது உயரத்தில் இருப்பவருக்குத்தான் அதிகம் ஆடும். குளிர்சாதனக் காற்று நேரே முகத்தில் அடிக்கலாம், விளக்கு பக்கத்திலேயே இருக்கலாம். நிமிர்ந்து உட்கார இடம் இருக்காது. மூன்று அடுக்குப் பெட்டிகளில் உச்சி பெர்த்தில் உடை மாற்றுவது ஒரு சர்க்கஸ். அமெரிக்காவின் ஆம்ட்ராக் ரயில்களில், சூப்பர்லைனர் வகைப் பெட்டியின் சிறிய அறையில் மேல் பெர்த்துக்கு ஜன்னலே கிடையாது; வியூலைனர் வகையில் உண்டு. தாய்லாந்தின் இரண்டாம் வகுப்பில் கீழ் பெர்த் அகலம் கூடுதல், அதனால் கட்டணமும் கூடுதல். இந்த மாதிரி சின்னச் சின்ன வித்தியாசங்கள் எல்லா நாட்டிலும் உண்டு.

நடு பெர்த்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. வேறு வழியில்லாதபோது எடுப்பது.

பெர்த் எந்தத் திசையில் கிடக்கிறது என்பதையும் கவனியுங்கள். இதைப் பலர் யோசிப்பதே இல்லை. ரயில் போகும் திசைக்குக் குறுக்காகக் கிடக்கும் பெர்த்தில் பக்கவாட்டு ஆட்டம் உங்களைத் தலையிலிருந்து காலுக்கு நகர்த்தும். பிரேக் போட்டால் உருட்டும். ரயில் போகும் திசையிலேயே கிடக்கும் பெர்த்தில் இது தலைகீழ்: ஆட்டம் உருட்டும், பிரேக் நீளவாக்கில் தள்ளும். மல்லாந்து படுப்பவர்களுக்கு இரண்டும் ஒன்றுதான். ஒருக்களித்துப் படுப்பவர்களுக்கு ஓயாத பக்கவாட்டு ஆட்டத்தைவிட எப்போதாவது வரும் பிரேக் பரவாயில்லை. ஆகவே குறுக்கு பெர்த். நடைபாதையை ஒட்டி நீளவாக்கில் இருக்கும் பெர்த்துகள் நீளமும் குறைவு. உயரமானவர்களுக்குக் கால் மடங்கியே கிடக்கும்.

முதியவர்கள், கர்ப்பிணிகள், முழங்கால் வலிக்காரர்கள், இரவில் இரண்டு மூன்று முறை எழ வேண்டியவர்கள் எல்லோருக்கும் கீழ் பெர்த். சின்னக் குழந்தையை எக்காரணம் கொண்டும் மேலே படுக்கவைக்காதீர்கள். தடுப்புப் பட்டையோ வலையோ இருந்தாலும்கூட. கீழ் பெர்த்திலும் குழந்தையைச் சுவர் பக்கம் போட்டு, நீங்கள் வெளிப்பக்கம் படுங்கள். வாலிபமும் வளைந்துகொடுக்கும் உடம்பும் இருந்தால் மேல் பெர்த்தை எடுத்துக்கொண்டு கீழே இருப்பதை மற்றவர்களுக்கு விடலாம்.

டிக்கெட் எடுக்கும்போது

எல்லோரும் விரும்புவது கீழ் பெர்த்தும் தனி அறையும். இரண்டும்தான் முதலில் தீரும். முன்பதிவு திறக்கும் நாளைத் தெரிந்து வைத்திருப்பதுதான் ஒரே வழி. இந்தியாவில் 2024 நவம்பர் முதல் அது பயண நாளுக்கு 60 நாள் முன்பு. ஜப்பானில் சன்ரைஸ் என்ற இரவு ரயிலுக்குப் பயண நாளுக்குச் சரியாக ஒரு மாதம் முன்பு காலை 10 மணிக்குத் திறக்கிறார்கள். விடுமுறைக் காலத்தில் தனி அறைகள் கண்மூடித் திறப்பதற்குள் போய்விடும்.

இனி, மிகப் பெரிய பொறி. நள்ளிரவுக்குப் பிந்தைய நேரங்கள். வெள்ளிக்கிழமை இரவு 12.20க்குக் கிளம்பும் ரயில் என்று நாம் பேச்சில் சொல்வது, காலண்டர்படி சனிக்கிழமை. வெள்ளி தேதிக்கு டிக்கெட் எடுத்தால், நீங்கள் நிலையத்துக்குப் போகும்போது உங்கள் ரயில் போய் 24 மணி நேரம் ஆகியிருக்கும். டிக்கெட்டில் தேதியையும் கிழமையையும் சேர்த்துப் படியுங்கள். "எந்த நாள் பகல் முடிந்து நிலையத்துக்குக் கிளம்புகிறேன்?" என்று வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தால் குழப்பம் தீரும். ஓர் இரவில் கால மண்டலம் மாறும் பயணங்களில் சேரும் நேரம் எந்த ஊர்க் கணக்கு என்று பாருங்கள். ரஷ்யாவில் முன்பு நாடு முழுக்க ரயில் டிக்கெட்டில் மாஸ்கோ நேரம்தான் இருந்தது. 2018 ஆகஸ்டிலிருந்துதான் உள்ளூர் நேரத்துக்கு மாற்றினார்கள்.

இரண்டாவது பொறி, வழியில் பிரியும் ரயில்கள். சன்ரைஸ் ஒகயாமாவில் இரண்டாகப் பிரிந்து ஒரு பாதி தகமட்சுவுக்கும் மறு பாதி இசுமோஷிக்கும் போகிறது. ஆம்ட்ராக்கின் எம்பயர் பில்டர் ஸ்போகேன் நிலையத்தில் பிரிந்து ஒன்று சியாட்டிலுக்கு, ஒன்று போர்ட்லாண்டுக்கு. ஸ்காட்லாந்தின் மலைப்பகுதிக்குப் போகும் காலிடோனியன் ஸ்லீப்பர் எடின்பரோவில் மூன்றாகிறது. இந்தப் பிரிவெல்லாம் பெரும்பாலும் நீங்கள் தூங்கும்போது நடக்கும். எனவே சரியான ரயிலில் ஏறினால் மட்டும் போதாது, சரியான பெட்டியில் ஏற வேண்டும். கிளம்புகிற அவசரத்தில் ஏதோ ஒரு கதவில் ஏறிவிட்டால் உள்ளேயே நடந்து உங்கள் பெட்டிக்குப் போய்விடுங்கள். நடுவில் வழி இல்லையென்றால் அடுத்த நிறுத்தத்தில் இறங்கி மாறுங்கள்.

இரண்டு பை முறை

ஒரு பெரிய பை, ஒரு சின்னப் பை. பெரியதை ரயிலில் திறக்கவே கூடாது. எல்லோரும் படுத்த பிறகு விளக்கைப் போட்டு, கீழ் பெர்த்துக்கு அடியில் குனிந்து, சூட்கேஸை இழுத்து, ஜிப்பைத் திறந்து, பல்துலக்கியைத் தேடும் மனிதர் ஒவ்வொரு பெட்டியிலும் ஒருவர் இருப்பார். நீங்கள் அவராக இருக்க வேண்டாம். இரவுக்குத் தேவையான எல்லாம் சின்னப் பையில். அது உங்களோடு பெர்த்தில்.

சின்னப் பையில் இருக்க வேண்டியவை:

- பணம், பாஸ்போர்ட் அல்லது அடையாள அட்டை, டிக்கெட்டின் நகல்
- அன்றிரவுக்கும் மறுநாள் காலைக்குமான மருந்துகள்; ரயில் தாமதமானால் உதவ இன்னும் ஒரு வேளைக்கு
- போன், சார்ஜர், பவர் பேங்க் (பிளக் பாயின்ட் இருந்தாலும் வேலை செய்யாமல் போகலாம்)
- காதடைப்பான், கண்ணை மூடும் பட்டி
- ஒரு மெல்லிய மேலாடை, சாக்ஸ்
- தண்ணீர் பாட்டில், பல்துலக்கி, சிறு துண்டு, சோப்பு, காகிதக் கைக்குட்டை
- சட்டென்று மாட்டிக் கழற்றும் செருப்பு

கடைசியில் இருக்கும் செருப்பைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். லேஸ் கட்டிய ஷூவை இருட்டில் தேடி மாட்டிக்கொண்டு கழிப்பறைக்குப் போய்வருவது பெரும்பாடு. வெறுங்காலோடு போவது அதைவிட மோசம்.

போர்வை, தலையணை, விரிப்பு எல்லாம் தருவார்களா என்பதை முன்பே பாருங்கள். தராத ரயிலில் ஒரு பருத்தி விரிப்பும், காற்றடைக்கும் தலையணையும் போதும். தருகிற ரயிலிலும் சாக்ஸும் மேலாடையும் வேண்டும். ராத்திரி மூன்று மணிக்குக் குளிர்சாதனம் உறைய வைக்கும், கொஞ்ச நேரத்தில் புழுங்கும். ஒரு கனமான உடையைவிட இரண்டு மெல்லிய உடைகள் உதவுவது இங்கேதான். தூங்கும்போது ஜீன்ஸ் வேண்டாம். அதே சமயம் நடைபாதையில் நாலு பேர் முன்னால் நடக்கக் கூச்சப்படாத உடையாகவும் இருக்கட்டும்.

தூக்கத்தில் மூச்சு தடைபடாமல் இருக்க, முகமூடி வழியாகக் காற்று தரும் சிபாப் (CPAP) கருவியை வைத்துக்கொள்பவர்கள், உங்கள் பெர்த்தில் பிளக் பாயின்ட் உண்டா, இரவு முழுக்க மின்சாரம் வருமா என்று கேட்டு உறுதி செய்யாமல் கிளம்பாதீர்கள். தனி பேட்டரி இருந்தால் நிம்மதி.

ஏறிய முதல் அரை மணி நேரம்

ஏறியவுடன் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து ஊரைப் பார்க்கத் தோன்றும். முதலில் வேலையை முடியுங்கள். பெரிய பையை உள்ளே தள்ளுங்கள். சக்கரம் வெளிப்பக்கம் இருக்காமல் படுக்கவைத்தால் பிரேக் போடும்போது உருளாது. கழிப்பறை எங்கே, இரண்டு பக்கமும் உண்டா என்று விளக்கு எரியும்போதே பார்த்துவிடுங்கள். உங்கள் பெர்த்தின் படிப்பு விளக்கு, பிளக் பாயின்ட், காற்றுத் துவாரத்தின் மூடி, கதவின் தாழ்ப்பாள் எல்லாவற்றையும் ஒருமுறை தொட்டுப் பாருங்கள். இருட்டில் கை தானாகப் போக வேண்டும். அவசர ஜன்னலும் தீயணைப்பானும் எங்கே இருக்கின்றன என்பதும் இந்தச் சுற்றிலேயே கண்ணில் பட்டுவிடும்.

பெட்டிக்கு உதவியாளர் இருந்தால் போய் இரண்டு வார்த்தை பேசுங்கள். எங்கே இறங்குகிறீர்கள் என்று சொல்லுங்கள். ரஷ்ய ரயில்களில் ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு பொறுப்பாளர் உண்டு; இறங்கும் நிலையத்துக்கு முன்னால் அவரே வந்து எழுப்புவார், கொதிநீர்த் தொட்டியும் அவர் பொறுப்பில்தான். அமெரிக்காவில் புல்மன் நிறுவனம் நடத்திய படுக்கைப் பெட்டிகளின் காலத்தில் இந்த வேலையைச் செய்தவர்கள் பெரும்பாலும் கறுப்பினத்தவர்கள். அற்பச் சம்பளத்துக்கு இரவு முழுக்க விழித்திருந்த அவர்கள் 1925இல் தங்களுக்கென ஒரு சங்கம் தொடங்கி, 1937இல் நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டார்கள். இன்றும் இரவு ரயிலில் உங்களைத் தூங்கவிட்டு விழித்திருப்பவர் ஒருவர் உண்டு. அவரிடம் மரியாதையாகப் பேசுவதற்குக் காசு ஆகாது.

சக பயணிகளிடமும் அப்படித்தான். விளக்கை எப்போது அணைப்பது, காலையில் யார் எங்கே இறங்குகிறார்கள் என்று தொடக்கத்திலேயே பேசிவிட்டால் நள்ளிரவு முணுமுணுப்பு இருக்காது. விடியற்காலையில் இறங்குபவர் யார் என்று தெரிந்தால், அவர் எழும் சத்தத்தில் நீங்களும் பதறி எழ மாட்டீர்கள்.

சாப்பாடும் கழிப்பறையும்

வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு உடனே ஆடும் படுக்கையில் படுப்பது யாருக்கும் ஒத்துவராது. படுப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்பே, வாசனை அதிகம் இல்லாத எளிய சாப்பாட்டை முடித்துக்கொள்ளுங்கள். மாலைக்குப் பிறகு காபி வேண்டாம். தண்ணீரை அடியோடு நிறுத்தவும் வேண்டாம்; குளிர்சாதனப் பெட்டியில் தொண்டை வறண்டு எழுந்துகொள்வீர்கள். ரயில் ஆட்டத்தில் தலை சுற்றுபவர்கள் போனைப் பார்ப்பதை நிறுத்திவிட்டு மல்லாந்து படுத்துக் கண்ணை மூடினால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

கழிப்பறையைப் பற்றி ஒன்றே ஒன்று: கூட்டத்துக்கு முன்னால் போங்கள். எல்லோரும் படுக்கப் போகும் நேரத்திலும், ரயில் சேருவதற்கு முந்தைய ஒரு மணி நேரத்திலும் வரிசை நிற்கும். கழிவு நேராகத் தண்டவாளத்தில் விழும் பழைய பெட்டிகளில் நிலையத்தில் நிற்கும்போது பயன்படுத்தக் கூடாது. சில நாடுகளில் பூட்டியே விடுவார்கள். எல்லைகளில் இது மணிக்கணக்கில் நீளும். சீனாவுக்கும் மங்கோலியாவுக்கும் தண்டவாள அகலம் வேறு (1435 மி.மீ., 1520 மி.மீ.). எல்லையில் பெட்டியையே தூக்கிவைத்துச் சக்கரத் தொகுதிகளை மாற்றுகிறார்கள். பார்க்க அருமையான காட்சி. ஆனால் எல்லைக்கு முன்னாலேயே கழிப்பறைக்குப் போய்வந்தவர்களால்தான் அதை ரசிக்க முடியும்.

பாதுகாப்பு

இரவு ரயில் திருட்டு பெரும்பாலும் வாய்ப்புப் பார்த்து நடப்பது. நின்ற ரயிலில் ஏறி, கைக்கு எட்டியதை எடுத்து, கிளம்புவதற்குள் இறங்கிவிடுவது. எனவே கைக்கு எட்டாமல் வைத்தாலே பெரும்பகுதி வேலை முடிந்தது. பெரிய பையைச் சங்கிலியால் பெர்த்தின் காலோடு பிணைக்கலாம். அறுக்க முடியாத சங்கிலி என்று எதுவும் இல்லை; நேரம் பிடித்தால் போதும், திருடன் அடுத்த பையைத் தேடுவான். பணமும் பாஸ்போர்ட்டும் உடம்போடு ஒட்டி இருக்கட்டும். கொக்கியில் தொங்கும் சட்டைப் பையில் எதையும் விடாதீர்கள். சார்ஜரில் போட்ட போனை நடைபாதை ஓரத்தில் வைத்துவிட்டுத் தூங்குவது, எடுத்துக்கொள் என்று சொல்வதற்குச் சமம்.

அறையில் படுத்தால் தாழ்ப்பாளோடு சங்கிலி அல்லது இரண்டாவது பூட்டு இருக்கும், இரண்டையும் போடுங்கள். பரிசோதகர் என்று சொல்லி யாராவது தட்டினால் முதலில் சங்கிலி அளவுக்கு மட்டும் திறந்து பாருங்கள். புதிதாகப் பழகியவர் கொடுக்கும், ஏற்கெனவே திறந்த பானத்தை நாசூக்காக மறுத்துவிடுங்கள், கோபித்துக்கொண்டால் கொள்ளட்டும்.

எல்லை கடக்கும் ரயிலில் நள்ளிரவில் அதிகாரிகள் வந்து எழுப்புவார்கள். பாஸ்போர்ட் எடுக்கத் தோதான இடத்தில் இருந்தால், காட்டிவிட்டுத் திரும்பத் தூங்கலாம். விசா விஷயத்தில், இறங்காமல் கடந்துபோகும் நாட்டுக்கும் விசா தேவையா என்று பார்த்துக்கொள்ளுங்கள். தூங்கியபடி கடந்தாலும் அது அந்த நாட்டுக்குள் நுழைவதுதான்.

இனி படுக்கலாம்

திறந்த பெட்டியில் தலை ஜன்னல் பக்கமா, நடைபாதைப் பக்கமா? ஜன்னல் பக்கம். நடப்பவர்களின் பை தலையில் இடிக்காது, வெளிச்சமும் குறைவு. ஜன்னலிலிருந்து குளிர் இறங்கினால் மேலாடையைச் சுருட்டி இடுக்கில் வையுங்கள். மேல் பெர்த்தில் காற்றுத் துவாரம் எந்தப் பக்கமோ அதற்கு எதிர்ப்பக்கம் தலை. சின்னப் பை தலைமாட்டில், அதன் பட்டை கையில் ஒரு சுற்று.

முதல் ஒரு மணி நேரம் தூக்கம் வராவிட்டால் கவலைப்பட வேண்டாம். உடம்பு அந்தத் தாளத்துக்குப் பழகும்வரை அப்படித்தான். வேடிக்கை என்னவென்றால், பழகிய பிறகு நம்மை எழுப்புவது ஓட்டம் அல்ல, நிறுத்தம். ரயில் நின்று சத்தம் அடங்கியதும் சட்டென்று விழிப்பு வரும், பிளாட்பாரப் பேச்சு கேட்கும். அந்த நேரத்தில் போனை எடுத்து எந்த ஊர் என்று பார்த்தீர்களோ, தூக்கம் போச்சு. இறங்கும் இடம் கடைசி நிலையம் என்றால் பார்க்கத் தேவையே இல்லை.

குறட்டைக்குக் காதடைப்பானைத் தவிர மருந்து இல்லை. நுரை வகையை மெல்லியதாக உருட்டி, காதை மேல்பக்கம் இழுத்துச் செருகி, அது விரியும்வரை பிடித்துக்கொண்டால்தான் சரியாக அடைக்கும். சும்மா செருகினால் பாதிப் பலன்தான். குறட்டை விடுபவர் நீங்களே என்றால் ஒருக்களித்துப் படுங்கள்.

நடுவழியில் இறங்குபவர்களுக்கு

இரவு நேரத்தில் பல ரயில்களில் அறிவிப்பு கிடையாது. உதவியாளர் எழுப்புவதாகச் சொல்லியிருந்தாலும் உங்கள் அலாரமும் இருக்கட்டும். சேரும் நேரத்துக்கு நாற்பது நிமிடம் முன்பு, அதிர்வில் வைத்து, போனைக் கைக்கடியில். எழுந்ததும் முதல் வேலை, ரயில் இப்போது எங்கே என்று பார்ப்பது; தாமதம் என்றால் புது நேரத்துக்கு அலாரத்தை மாற்றிப் படுக்கலாம். சிக்னல் கிடைக்காத வழித்தடங்களுக்கு வரைபடத்தை முன்பே போனில் இறக்கி வையுங்கள். இணையம் இல்லாமலும் ஜிபிஎஸ் வேலை செய்யும். இறங்கும் நிலையத்துக்கு முந்தைய இரண்டு நிறுத்தங்களின் பெயரையும் எழுதிவைத்தால் அவை வரும்போதே உஷாராகலாம். பத்து நிமிடம் இருக்கும்போது பையோடு கதவருகே நில்லுங்கள். எந்தப் பக்கம் பிளாட்பாரம் என்று நீங்களாக முடிவு செய்து கதவைத் திறக்காதீர்கள். ரயில் முழுக்க நின்ற பிறகு பார்த்து இறங்குங்கள்.

காலை

மற்றவர்கள் எழுவதற்கு முன் எழுந்து பல் துலக்கி வந்துவிட்டால், ஜன்னல் ஓரத்தில் ஒரு மணி நேரம் உங்களுக்கு மிச்சம். விரிப்பை மடிக்கும்போது பெர்த்துக்கும் சுவருக்கும் நடுவே உள்ள இடுக்கில் கைவிட்டுப் பாருங்கள். கண்ணாடி, மோதிரம், காதணி, ஒற்றை சாக்ஸ் எல்லாம் போய்ச் சேரும் இடம் அதுதான். பிளக் பாயின்டில் சார்ஜர், கொக்கியில் துண்டு. இவையும் தப்பிப் போகக் கூடியவை.

காலை ஏழு மணிக்கு இறங்கினால் விடுதி அறை பெரும்பாலும் மதியம்தான் கிடைக்கும். பையை மட்டும் முன்னதாக வைத்துக்கொள்ளச் சொல்லி விடுதிக்கு முந்தைய நாளே தகவல் கொடுங்கள், அல்லது நிலையத்திலேயே பை வைக்கும் இடமும் குளிக்கும் இடமும் உண்டா என்று பாருங்கள். சில நாடுகளில் லாக்கர், பல ஆசிய நிலையங்களில் ஆள் வைத்த பொருள் காப்பறை என்று ஏதோ ஒன்று இருக்கும். ஓடும் ரயிலிலேயே குளியல் வசதி இருந்தாலும் அதை நம்பித் திட்டம் போடாதீர்கள். சன்ரைஸ் ரயிலில் பொதுக் குளியலறைக்கான அட்டைகள் குறைந்த எண்ணிக்கையில்தான் விற்கப்படும், கிளம்பிய கையோடு தீர்ந்துவிடும்.

இரவு ரயில்கள் நீண்ட தூரம் ஓடுபவை. வழியில் எங்கேயாவது தாமதம் சேரும். நேர்காணல், விமானம், நீதிமன்றம், கல்யாண முகூர்த்தம் இவற்றில் எதற்காவது போகிறீர்கள் என்றால் ரயில் சேரும் நேரத்துக்கும் அதற்கும் நடுவே குறைந்தது நான்கு மணி நேரம் விடுங்கள். அடுத்த ரயிலைப் பிடிக்க வேண்டுமென்றால், முடிந்தவரை இரண்டையும் ஒரே டிக்கெட்டாக எடுங்கள். முதல் ரயில் தாமதமானால் அடுத்ததில் ஏற்றிவிடும் பொறுப்பு பல நாடுகளில் ரயில் நிறுவனத்துக்கு அப்போதுதான் வரும். தனித்தனி டிக்கெட் என்றால், தவறவிட்ட ரயிலின் காசு பெரும்பாலும் போனதுதான்.